சுவிட்ச் என் பக்கம்

ஏப்ரல் 7, செவ்வாய்

ஹார்டுவேர் கடையில் கொடுத்த டைரி இத்தனை நாளும் சும்மா கிடந்தது. என் வீட்டுக்காரி கோமதி அதில் கோலம் போட்டுப் பழக ஆரம்பித்திருந்தாள். போன பக்கங்கள் போகட்டும் என்று பிடுங்கிக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டேன். இனிமேல் எந்த மிஷினுக்கு என்ன செய்தேன் என்று இதில் எழுதி வைப்பதாக உத்தேசம்.

பள்ளிக்கூடத்தில் நாற்பது பெஞ்சு கேட்டிருக்கிறார்கள். கோடை விடுமுறை முடிந்து பிள்ளைகள் வருவதற்குள் கொடுக்க வேண்டும். ஆள் இரண்டே பேர். நானும் கோமதியின் தம்பி சங்கரலிங்கமும். இழைப்பு மிஷின் என்னுடையது, அறுப்பு மிஷின் அவனுடையது. மேசைக்கு நடுவில் வட்ட பிளேடு எட்டிப் பார்க்கும், பெரிய மிஷின். அதிலேயே இருந்த சுவிட்ச் மரத்தூள் அடைத்துப் போனதால் சுவரில் ஒரு சுவிட்ச் வைத்து அங்கிருந்து லைன் இழுத்திருக்கிறேன். சுவிட்ச் என் பக்கம். பிளக் மிஷினின் காலடியில், அவன் பக்கம்.

அதனால் ஒரு முறை வைத்திருக்கிறோம். பிளேடு மாற்றவோ மரச்செதில் எடுக்கவோ அவன் கையை உள்ளே விட வேண்டுமானால் "கை" என்று கூப்பிட வேண்டும். நான் சுவிட்சைப் பார்த்துவிட்டு "ஆச்சு" என்பேன். அதற்குப் பிறகுதான் அவன் தொடலாம். வேலை முடிந்ததும் "போடுங்க" என்பான். நான் போடுவேன். இந்த மூன்று வார்த்தையில்தான் எங்கள் பட்டறை ஓடுகிறது. வழக்கத்தைக் கொண்டுவந்தது நான். சங்கரன்கோவிலில் ஒரு விரல்கூடக் குறையாத ஆசாரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் நாங்கள் இருவர்.

இன்று இழைப்பு மிஷினின் கத்திகளைக் கழற்றிச் சாணை பிடித்தேன். தூசி ஊதி, கிரீஸ் வைத்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

சங்கரு கையுறை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். கழற்றச் சொன்னேன்.

"கைக்குப் பாதுகாப்புன்னுதான அத்தான் கடையில விக்கான்?"

"கண்ணாடி தூக்குறவனுக்குப் பாதுகாப்பு. சுத்துற பிளேடு துணிய ஒரு நூல் பிடிச்சா கையையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும். கழட்டு மாப்ள."

கழற்றினான். முழுக்கைச் சட்டையையும் முழங்கைக்கு மேல் மடித்துவிடச் செய்தேன். தோளில் துண்டு கூடாது, கழுத்தில் செயின் கூடாது. இதையெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

கையுறை யோசனை கோமதியுடையது என்று மத்தியானம் தெரிந்தது. அவனுக்குக் கழுகுமலையில் பெண் பார்க்கிறோம். பெண்ணின் அப்பா லாரி மெக்கானிக். தரகர் "ஆசாரி மாப்பிள்ளை" என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "விரல் எல்லாம் இருக்கா?" என்பதாம். கல்யாணம் ஆவணியில் வைக்கலாம் என்று பேச்சு. அதுவரை தம்பியின் கையில் ஒரு கீறல் படக்கூடாது என்று கோமதி எனக்கு உத்தரவு போட்டிருக்கிறாள். தாய் இல்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள், சொல்லத்தான் செய்வாள்.

ஏப்ரல் 13, திங்கள்

கிரீஸ் வைத்ததிலிருந்து இழைப்பு மிஷின் புதுப் பெண் மாதிரி அடக்கமாக ஓடுகிறது. சங்கருவோ பேரிங் ஊளையிடுகிறது என்கிறான். மிஷின் போடுகிற சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லக்கூடியவன் நான். என்னிடம் வந்து ஊளை என்கிறான். கையை வைத்துப் பார்த்தேன், கொஞ்சம் நடுக்கம் இருந்தது. அவ்வளவுதான். உன் மிஷினை நீ பார் என்று அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷப் பிறப்பு. பட்டறை லீவு. தெருக்கோடியில் அம்மன் கோவில் கொடை. ஒலிபெருக்கி நம் வீட்டுக்கு எதிர்க் கம்பத்தில்தான் கட்டியிருக்கிறார்கள். வருஷா வருஷம் போய்ச் சண்டை போடுவேன், இந்த வருஷம் தேவைப்படவில்லை. சத்தத்தை அளவோடு வைத்திருக்கிறான். கோமதி மட்டும் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு அலைகிறாள். அவளுக்கு எல்லாமே அதிகப்படிதான்.

ஏப்ரல் 21, செவ்வாய்

கல்யாணப் பேச்சு எடுத்த நாள் முதல் சங்கருவின் குரல் உள்ளே போய்விட்டது. எதைச் சொன்னாலும் முணுமுணுப்பு. இன்று "கை" என்று மூன்று தடவை கூப்பிட்டானாம். எனக்கு ஒன்றுதான் விழுந்தது. அதற்கு எழுந்து வந்து தோளைத் தட்டுகிறான்.

"என்ன மாப்ள, தூங்குறவன எழுப்புற மாதிரி எழுப்புற?"

"கூப்புட்டேன் அத்தான்."

"கூப்புடுற மாதிரி கூப்புடு. ஆம்பளதான நீ?"

அடுத்த தடவை அவன் போட்ட சத்தத்தில், பெஞ்சு பார்க்க வந்து வாசலில் நின்ற ஹெச்.எம். அம்மா குடையைக் கீழே போட்டுவிட்டார்.

ஏப்ரல் 22, புதன்

இழைப்பு மிஷினில் பேரிங் இறுகி நின்றுவிட்டது. இந்தக் காலத்துப் பேரிங் எதுவும் உழைப்பதில்லை. புதுசு போட்டேன்.

ஏப்ரல் 27, திங்கள்

ஹெச்.எம். அம்மா மறுபடி வந்தார். நல்ல மனுஷி, ஆனால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டே பேசுவார், மரத்தூள் ஆகாதாம். நான் சரி சரி என்று தலையாட்டி அனுப்பிவைத்தேன். அவர் போனதும் சங்கரு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னையே பார்த்தான்.

"நாப்பது பெஞ்சுக்கும் அடியில பை வைக்கத் தட்டு போட்டுத் தாரோம்னு ஒத்துக்கிட்டியளே அத்தான். மரத்துக்கு எங்க போக?"

"தெரிஞ்சுதான் ஒத்துக்கிட்டேன். பிள்ளைங்க பைய மடியிலயா வச்சுக்கிட்டு எழுதும்?"

யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயம்தான். வாகைப் பலகை மிச்சம் கிடக்கிறது, அதில் போட்டுவிடலாம்.

மே 2, சனி

ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். சங்கரு வாயைத் திறந்துகொண்டு குனிந்தால் அது "கை". நிமிர்ந்து வாயைத் திறந்தால் "போடுங்க". ஒரு கண்ணை அவன் மேல் வைத்திருந்தால் போதும், அவன் முணுமுணுப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வாரம் ஒரு தடவைகூடத் தோளைத் தட்டவில்லை. வேலை கடகடவென்று போகிறது. பாதி பெஞ்சுக்குக் கால் மாட்டியாயிற்று.

மே 6, புதன்

அறுப்பு மிஷினில் மரம் கருகி வாசம் வந்தது. சங்கரு மரம் ஈரம் என்றான். மரத்தின் மேல் பழி போடுவது சுலபம். பிளேடைக் கழற்றச் சொன்னேன். பல்லெல்லாம் பிசின். மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல் தேய்க்கிற பிரஷால் தேய்த்ததும் பளிச்சென்று ஆகிவிட்டது. மழுங்கின பிளேடுதான் ஆபத்து. மரத்தைத் தள்ள வேண்டியிருக்கும், தள்ளுகிற கை வழுக்கும். பிளேடு மேல் மூடியையும் துடைத்து மறுபடி மாட்டினேன். மூடி மறைக்கிறது என்று கழற்றி வைக்கிறவர்கள் இந்த ஊரில் அநேகம் பேர்.

சங்கருவுக்கு இடுப்பு வலி போலிருக்கிறது. பிளேடு மாற்றுவதற்கு முன் மிஷினுக்கு அடியில் குனிந்து என்னவோ செய்கிறான். மாற்றிய பிறகும் ஒரு தடவை குனிந்துவிட்டுத்தான் நிமிர்கிறான். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான். கல்யாணத்துக்கு முன்பே இடுப்பு போனால் என்ன ஆவது? தைலம் கொடுத்தேன். மறுபேச்சுப் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டான்.

மே 10, ஞாயிறு

கழுகுமலைக்குப் போய் வந்தோம். பெண் பெயர் வடிவு. தையல் மிஷின் வைத்துத் தொழில் செய்கிறது. ஊசி ஏறின தழும்பு அதன் விரலிலும் இருக்கிறது, எங்கள் ஜாதகத்துக்கு அது ஒன்று போதும். எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

பெண்ணின் அப்பா சங்கருவின் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி ஏதோ கேட்டார். "பத்தும் இருக்கு, நல்லா பாத்துக்கோங்க" என்றேன். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் கேட்டது, காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள் என்றாம்.

கோமதி மட்டும் சிரிக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மே 11, திங்கள்

திருநெல்வேலிக்கு ஒரு டாக்டரைப் பார்க்கப் போவோமா என்று கோமதி கேட்டாள். உனக்கு என்ன செய்கிறது என்றேன். சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். பெஞ்சு வேலை முடியட்டும், கூட்டிப் போகிறேன்.

மே 19, செவ்வாய்

அறுப்பு மிஷினுக்கு சுவிட்ச் போட்டேன். ஓடவில்லை.

வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மே 20, புதன்

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். மிஷினுக்கு ஆனதை மட்டும் எழுதுகிற டைரியாக இது இனி இருக்க முடியாது.

சங்கரு பிளேடு மாற்றிக்கொண்டிருந்தான். நான் இழைத்துக்கொண்டே ஒரு கண்ணை அவன் மேல் வைத்திருந்தேன். நிமிர்ந்தான், வாய் அசைந்தது. "போடுங்க" என்று எடுத்துக்கொண்டேன். சுவிட்சைப் போட்டேன். மிஷின் ஓடவில்லை. அணைத்து மறுபடி போட்டேன். அப்போதும் ஓடவில்லை. மூன்றாவது தடவை போட்டுவிட்டு என்ன இழவு என்று திரும்பிப் பார்த்தேன்.

அவன் மறுபடி குனிந்திருந்தான். இடது கையில் ஸ்பேனர். வலது கை மணிக்கட்டு வரை உள்ளே இருந்தது. விரல்கள் பிளேடைச் சுற்றிப் பிடித்திருந்தன.

அவன் சொன்னது "நட்டு வழுக்குது அத்தான்" என்று. வெளிச்சத்துக்காக ஒரு நொடி நிமிர்ந்து சொல்லிவிட்டு மறுபடி குனிந்திருக்கிறான்.

மிஷினின் பிளக் மேசை மேல் கிடந்தது. மூன்று பின்னும் மேலே பார்க்க.

பெஞ்சுக் கால்கள் அடுக்கி வைத்திருந்ததன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். சங்கரு கையை வெளியே எடுத்தான், சுவர் சுவிட்ச் போட்டபடி இருப்பதைப் பார்த்தான், போய் அதை அணைத்தான். பிறகு என் எதிரே வந்து குந்தினான். முகத்துக்கு நேராக, வாயை நன்றாகத் திறந்து பேசினான். சில நாளாகவே அவன் என்னிடம் அப்படித்தான் பேசுகிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஒண்ணும் ஆகல அத்தான். பிளக்கக் கழட்டிட்டுதான் கைய விட்டேன்."

"இன்னைக்கா?"

"எப்பவும்தான்."

"எப்பவும்னா எப்பயிருந்து?"

"பேரிங் போச்சுல்லா, அதுலயிருந்து. அது போட்ட சத்தத்துக்கு எதுத்த டீக்கடையில இருந்து எந்திச்சு வந்து பாத்தாவ. நீங்க பக்கத்துல நின்னு இழைச்சுக்கிட்டு இருந்திய."

இடுப்பு வலி என்று நான் தைலம் கொடுத்தேனே, அது பிளக்கைக் கழற்றக் குனிந்தது. மாட்டக் குனிந்தது.

"பெறகு எதுக்கு மாப்ள கை, கைன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்த?"

அவன் தரையில் கிடந்த மரச்சீவலை எடுத்துப் பிய்த்தான்.

"கூப்பிடலன்னா ஏன் கூப்பிடலன்னு நீங்க கேப்பியள்லா. நான் என்னன்னு சொல்ல?"

ஆக இத்தனை நாளும் அவன் என்னைக் கூப்பிட்டது என் மனசு நோகாமல் இருக்க. நானும் காதில் விழாததற்கெல்லாம் "ஆச்சு, ஆச்சு" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். கையுறைக்கும் துண்டுக்கும் அவனை அந்தப் பாடு படுத்தினவன் நான். பட்டறையிலேயே ஆபத்தான சாமான் சுவிட்ச் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

எனக்குக் காது கேட்கவில்லை. கேட்காமல் ரொம்ப நாளாயிற்று. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கை உள்ளே இருந்ததை நினைத்தால் வெட்கமெல்லாம் எங்கோ போய்விடுகிறது.

"அக்காட்ட சொல்லாண்டாம்" என்றான் சங்கரு. சாயங்காலம் நானே சொன்னேன். காது விஷயத்தில் அவள் ஆச்சரியப்படவில்லை. சுவிட்ச் போட்டதைச் சொன்னபோது கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"டிவிச் சத்தத்தப் பொறுத்துக்கிட்டேன். நான் ஒண்ணு சொல்ல நீங்க ஒண்ணு சொல்றதப் பொறுத்துக்கிட்டேன். இத எப்படிங்க பொறுக்க?"

வெள்ளிக்கிழமை திருநெல்வேலிக்குப் போவோம் என்றேன்.

மே 22, வெள்ளி

திருநெல்வேலி. ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று நானும் பொறுமையாக உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோமதி முந்தானையால் முகத்தைத் துடைத்தபோதுதான், பரிசோதனை நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தது.

டாக்டர் பொண்ணு படம் வரைந்து விளக்கியது. இழைப்பு மிஷின் சத்தம் வருஷக்கணக்காகத் தின்றிருக்கிறதாம். போனது திரும்பாது. காதில் மாட்டுகிற மிஷின் வைத்தால் எதிரே நின்று பேசுகிறவர் பேச்சு தேறும். பட்டறையில் அதை நம்ப வேண்டாம் என்றது.

"வேலை செய்யும்போது காதுக்கு எதுவும் மாட்ட மாட்டீங்களா?"

கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்குத் துணி, பிளேடுக்கு மூடி, எல்லாம் உண்டு. காதை மூடினால் மிஷின் பேசுவது கேட்காது என்பது என் கட்சி. காது மூடி மாட்டுகிறவன் அரைகுறை ஆசாரி என்று சங்கருவிடமே சொல்லியிருக்கிறேன். இதை டாக்டரிடம் சொல்லவில்லை.

காது மிஷினுக்கு அளவு கொடுத்தாயிற்று. வரும்போது ஜங்ஷனில் இறங்கி, சங்கருவுக்கு ஒரு காது மூடி வாங்கினேன். கடையில் இருந்ததிலேயே கனமானது.

மே 25, திங்கள்

அறுப்பு மிஷினிலேயே புது சுவிட்ச் வைத்தாயிற்று. தூசி போகாத மூடி, அவசரத்துக்கு உள்ளங்கையால் அடிக்கிற மாதிரி பெரிய சிவப்புப் பொத்தான். எல்லாம் சங்கரு பக்கம். எலக்ட்ரீஷியன் வந்து சுவர் சுவிட்சை எடுத்துவிட்டார். அந்த ஓட்டையை ஒரு தேக்குத் துண்டால் மூடினேன். இத்தனை வருஷம் நான் நின்ற இடம். கொஞ்ச நேரம் கை அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

புது முறை: யார் கையை விட்டாலும் முதலில் பிளக்கைக் கழற்றி மேசை மேல், இரண்டு பேர் கண்ணிலும் படுகிற மாதிரி வைக்க வேண்டும். கழற்றினவனே மாட்ட வேண்டும்.

காது மூடியை மாட்டிக்கொண்டு சங்கரு கேட்டான்.

"இனி கைன்னு கூப்பிடாண்டாமா அத்தான்?"

"யாரக் கூப்பிடப் போற? ஒனக்கு மூடியிருக்கு. எனக்குத் தொறந்திருந்தும் பிரயோஜனமில்ல."

அவன் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். நான் சிரித்தேன். அப்புறம் அவனும் சிரித்தான்.

மே 30, சனி

பெஞ்சுகள் போய்விட்டன. நாற்பதும், தட்டோடு. ஹெச்.எம். அம்மா ஒன்றில் உட்கார்ந்தே பார்த்துவிட்டார்.

ஏற்ற வந்த வேன்காரர் பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கிறார். நான் திரும்பாததால் முதுகில் ஒரு அடி வைத்தார். நான் இழைத்துக்கொண்டிருந்தேன். பலகையோடு சேர்ந்து என் கையும் கத்திப் பக்கம் ஒரு துள்ளு துள்ளியது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தினம் யாராவது இப்படி வருவார்கள்.

அதனால் மீந்த வாகைப் பலகையில் ஒரு போர்டு எழுதினேன். "மிஷின் ஓடும்போது பின்னால் வந்து தொடாதீர்கள். இங்கே ஒருவருக்குக் காது கேட்காது. எதிரே வந்து நின்று பேசவும்." வாசலில், வருகிறவர் கண்ணுக்கு நேராக மாட்டினேன். சங்கரு படித்துவிட்டு எழுத்து அழகாக இருக்கிறது என்று மட்டும் சொன்னான்.

சாப்பாடு கொண்டுவந்த கோமதி தூக்குவாளியை இறக்காமலே போர்டின் முன் நின்றாள். பிறகு உள்ளே வந்து என் எதிரே நின்றாள்.

"ஒருவருக்குன்னா யாருக்கு? நாளைக்குக் கழுகுமலையில இருந்து பட்டறையப் பாக்க வாராவ. மாப்பிள்ளைக்குத்தான் காது கேக்காதுன்னு நெனச்சுட்டுப் போகவா?"

"இருக்கட்டும்க்கா, நான் வெவரம் சொல்லிக்கிடுதேன்" என்றான் சங்கரு.

இத்தனை நாள் அவன் என்னை மறைத்தது போதும். போர்டைக் கழற்றிக் கொண்டுவந்து பெஞ்சு மேல் வைத்தேன். "ஒருவருக்கு" என்ற இடத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு என் பெயரை எழுத ஆரம்பித்தேன். ஒருவர் இருந்த இடத்தில் நெல்லையப்பன் அடங்கவில்லை. எழுத்தை நெருக்கி நெருக்கிப் போட வேண்டியதாயிற்று. "இங்கே நெல்லையப்பனுக்குக் காது கேட்காது." இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈரத்தோடு கொண்டுபோய் மாட்டினேன்.

முதலில் படித்தது எதிர் டீக்கடைக்காரர். தெருவைத் தாண்டி வந்தார், பட்டறைக்குள் நுழைந்து என்னைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். டீ இரண்டா, மூன்றா என்று கேட்டார்.

மூன்று என்றேன்.